மாப்பிள்ளைக்குக் கூலி

அஸ்ஸலாமு அலைக்கும், மகன்.

நீ இப்போது அறுகம்பேயில் அந்த விடுதியின் கூரையில் ஏறி நிற்பாய். நான் சாய்ந்தமருதில் நம்முடைய குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் நீ "சரி உம்மா, பொறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட முடியாது. நாளைக்கு உனக்கு ஆணியும் கம்பியும் ஏற்றி வருகிற வான் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஊரார் வாயால் கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று நான் நிந்தவூருக்கு, உனக்குப் பெண் தரப்போகிற மாமாவின் வீட்டுக்குப் போனேன். உன் மூத்தவள் ராத்தாவைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாகத்தான் போனேன். அவர் தன் மகளுக்குக் கட்டுகிற வீட்டில் நீ செய்கிற கூரை வேலைக்குக் கூலி கேட்டேன். கேட்டது மட்டுமில்லை, வாங்கிக்கொண்டும் வந்துவிட்டேன்.

இதை மேலே இருந்துகொண்டு வாசிக்கிறாய் என்றால் முதலில் கீழே இறங்கு. இறங்கி, ஒரு இடத்தில் இருந்து, மிச்சத்தை வாசி. உனக்கு முகம் எப்படிச் சிவக்கும் என்று எனக்குத் தெரியும், உன் வாப்பாவுக்கும் அப்படித்தான் காதில் இருந்து சிவக்கத் தொடங்கும். காசும் வேண்டாம், நகையும் வேண்டாம், பிள்ளை குடியிருக்கிற வீடு ஒன்று போதும் என்று சொல்லித்தான் நாம் இந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தோம். பள்ளிவாசலில் கூட அதைச் சொல்லி உன்னைப் புகழ்ந்தார்கள். அப்படிப்பட்ட மாப்பிள்ளையின் உம்மா, பெண்ணின் வாப்பாவிடம் போய், மாப்பிள்ளை தன் சீதன வீட்டுக்கு ஓடு போடுவதற்குக் கூலி கேட்டாள் என்றால், நிந்தவூரில் இருந்து கல்முனை வரைக்கும் பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். அது தெரிந்துதான் போனேன். பயந்துகொண்டுதான் போனேன். இப்போதும் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நீயும் ராத்தாவும் சேர்ந்து சிரிப்பீர்கள். சிரியுங்கள். காஸ் சிலிண்டரை மூடிவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பவள்தான் நான். கடல் கொஞ்சம் உள்வாங்கிப் போயிருக்கிறது என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னால்கூட காணி உறுதிப் பத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நிற்பேன். அந்தப் பயமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கூரைப் பயம் வேறு. அதை நான் காற்றில் இருந்து பிடிக்கவில்லை. ஓடு போடுகிற ஓடாவியோடு காலம் முழுவதும் குடும்பம் நடத்தியவள் நான். உன் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் ஒரு புது வீட்டுக்குள் கால் வைத்தால் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் மேலேதான் பார்ப்பேன்.

அப்படித்தான் போன மாதம் வீடு பார்க்கப் போன இடத்தில் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்று எங்களுக்குத் தடல்புடலான வரவேற்பு. ராத்தா குளியலறை மாபிள் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள், குசினியில் பைப்பைத் திறந்து திறந்து பூட்டினாள். நான் நடு அறையில் நின்று நிமிர்ந்தேன். மரம் நிறுத்தி முடிந்திருந்தது, ஓடு இன்னும் ஏறவில்லை. கூரை உச்சியில் ஓடுகிற முகட்டு வளை என் கைப் பருமனுக்குத்தான் இருந்தது. அதில் இருந்து இறங்குகிற கைமரங்களுக்கு நடுவே ஒரு நெல் மூட்டையைத் தூக்கி எறிந்தால் எதிலும் தட்டாமல் வெளியே போய் விழும். மரத்தின் நீளமும் போதாது போல, சரிவு படுத்துக் கிடந்தது. வாடைக் காற்று மழையை அடித்துக்கொண்டு வந்தால் தண்ணீர் கீழே ஓடாது, ஓட்டுக்குள் மேல்நோக்கி ஏறும். யாரோ பழக்கமில்லாத பையன் நிறுத்திய மரம் என்று நினைத்தேன். அப்போது பெண்ணின் உம்மா, உன் மாமி, சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டாள்.

"என்ன மச்சி, மேலயே பாத்துக்கு நிக்கிறீங்க? எல்லாம் நம்மட மாப்புளட வேலதான். கையால ஒரு சதம் கூலி எடுக்கல்ல. இப்பிடி ஒரு புள்ளய எங்க தேடி எடுக்கிற?"

நான் என்ன சொல்ல? "ஓம் மச்சி, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே இறங்கினேன். முற்றத்தில் ஓடு அடுக்கி வைத்திருந்தார்கள், மேற்குப் பக்கத்தில் இருந்து லொறியில் வந்த நல்ல ஓடு. ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தேன், கணீரென்று இருந்தது. ஓடு நல்லதாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. நல்ல ஓடு பாரமான ஓடு. அதுவும் இது காய்ந்த பாரம். ஓடு தண்ணீர் குடிக்கும் என்பது உனக்குத் தெரியாததா? மாரி பிடித்து நாட்கணக்கில் நனைந்த பிறகு அதே ஓட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் மரத்தின் தலையில் நாம் எதை வைத்திருக்கிறோம் என்று விளங்கும்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன், ஞாபகம் இருக்கும். "மனே, அந்த மரம் காணாதுடா" என்றேன்.

"காணாது எண்டு எனக்குத் தெரியாதா உம்மா? நான் போறதுக்கு முதலே மாமா மரத்த வாங்கி இறக்கிட்டாரு. ஊடு தாற மனிசனுக்கிட்ட, இது காணாது, இன்னும் வாங்குங்க எண்டு மாப்புள வாயால எப்பிடிச் சொல்ற? சீதனம் கூட்டிக் கேக்கிறான் எண்டுதான் நினைப்பாங்க. நான் பாரம் கூடாமப் பாத்துப் போடுறன். நீங்க சும்மா பயப்புடாதீங்க."

பாரம் கூடாமல் ஓடு போடுவதா? ஓடு என்ன பப்படமா? வேறு எவன் வீடாக இருந்தாலும் நீ அந்த மரத்தை ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டாய். "இந்த மரத்துக்கு நான் ஓடு போடமாட்டன், வேற ஆளப் பாருங்க" என்று சைக்கிளைத் திருப்பியிருப்பாய். நீ குடியிருக்கப் போகிற வீடு என்றதும் வாய் அடைத்துப் போயிற்று. நம்முடைய ஊர்களில் இப்படி ஒரு சங்கடம். வீடு பெண்ணுடையது, பெண்ணின் வாப்பா கட்டித் தருகிறார், மாப்பிள்ளை போய் அதில் இருக்கிறான். இருக்கிறவன் அந்த வீட்டைப் பற்றி வாய் திறந்தால் அது ஆசை, திறக்காவிட்டால் மரியாதை. மாப்பிள்ளையே ஓடாவியாக இருந்தால் அவன் என்ன செய்வான் என்று இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசிக்கவில்லை.

உன் வாப்பாவும் விலை பேசுகிற இடத்தில் இளகுகிற ஆள்தான். வீடு கட்டுகிறவர்கள் முன் அறையில் வந்து இருப்பார்கள், நான் கதவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பேன். நிலத்தை அளந்து அதற்குத்தான் காசு தருவோம் என்பார்கள் அவர்கள். கூரையில் ஏறிச் சரிவை அளக்க வேண்டும் என்பார் இவர். எப்போதும் அதே சண்டைதான். நிலத்துக்குக் காசு வாங்குகிறவன் கூரையைப் படுக்க வைப்பான், ஏனென்றால் உயர்த்துகிற ஒவ்வொரு சாணும் அவனுடைய கையில் இருந்து போகிறது. அதைத் தெரிந்துகொண்டே வந்தவர்கள் கெஞ்சினால் இவர் "சரி, பரவாயில்ல" என்று தொடங்குவார். உடனே நான் கோப்பையைப் பீரிசுத் தட்டில் டொக்கென்று வைப்பேன். அதற்கு மேல் இறங்காதே என்று அர்த்தம். வந்தவர்கள் அதை என் கைத்தவறு என்று நினைப்பார்கள். அவர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்தவரை அண்ணன் முறை சொல்லி, "இல்ல காக்கா, கட்டாது" என்பார். எத்தனை பீரிசு வெடித்தது என்று எனக்கே தெரியாது.

ஒரே ஒரு தடவை அவர் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. அவருடைய தங்கச்சி கடற்கரைப் பக்கம் வீடு கட்டினாள். "காக்கா, நம்மட ஊடுதானே" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் தன் கூலியை முழுவதும் விட்டுக்கொடுத்தார், அது சரி, கூடப்பிறந்தவள். ஆனால் அவளிடம் இருந்த மரமும் காணாது. பிறத்தியாராக இருந்தால் இன்னும் வாங்கு என்று சொல்லியிருப்பார், தங்கச்சியிடம் சொல்ல வெட்கம். கைமரத்தை அகட்டி அகட்டி வைத்து, இருந்ததைக் கொண்டே முடித்துக் கொடுத்தார். நான் அன்றைக்குப் பீரிசை உடைத்தே போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ அப்போது பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. தங்கச்சி தன் பெண் குழந்தைக்கு நடு வளையில்தான் ஏணைத் தொட்டில் கட்டியிருந்தாள். குழந்தை அழுதது என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பால் கரைக்கக் குசினிக்குப் போனாள். பின்னால் வளை முறிகிற சத்தம் கேட்டது. அயலார் ஓடிப் போனபோது அந்த ஏணைச் சேலை நிறைய ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, வளர்ந்துவிட்ட அவள்தான் இப்போது உன் கலியாணத்துக்கு என்ன உடுப்பது என்று தினமும் எனக்குப் போன் எடுத்துக் கேட்கிறாள். உன் வாப்பா அந்தச் சேலையை அவிழ்த்து ஓட்டுத் துண்டுகளைக் கொட்டினார். கொட்டிவிட்டு நிலத்தில் குந்திவிட்டார், யார் கூப்பிட்டும் எழும்பவில்லை. அதற்குப் பிறகு வானம் இருட்டினால் அந்த மனிதர் வீட்டில் தங்க மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு, தான் ஓடு போட்ட வீடுகளையெல்லாம் தெருவில் நின்றே நிமிர்ந்து பார்த்துவிட்டு, நனைந்து வருவார். காரணம் கேட்டால் சும்மா என்பார். நீ அதை வாப்பாவின் மழைப் பைத்தியம் என்று நினைத்து வளர்ந்தாய், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது, மகன். நிந்தவூரில் அந்தக் கூரை ஓடில்லாமல் நிற்கிறது. நீ அறுகம்பேயில் வேலை முடித்து வந்த கையோடு ஓடு ஏற்றுவாய், அதோடு மாரியும் வந்துவிடும், கலியாணமும் முடிந்துவிடும். அதற்குக் கீழே நீ படுப்பாய், உன் பெண்சாதி படுப்பாள், இன்ஷா அல்லாஹ் அவளும் ஒரு நாள் ஏணை கட்டுவாள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாவிடம் நேராகவே மரம் காணாது என்று சொல்லியிருக்கலாமே என்பாய். யோசித்தேன். அந்த மனிதர் கெட்டவரில்லை. இறக்காமத்துப் பக்கம் அவருடைய வயலில் யானை புகுந்து மிதித்தது போக மிஞ்சிய நெல்லை விற்றுத்தான் அந்த வீடு எழும்பியிருக்கிறது. பெண்சாதி, மகள் முன்னால் "நீங்கள் தருகிற வீட்டுக்குக் கூரை தாங்காது" என்று சொன்னால் அந்த மனிதருடைய முகம் என்ன ஆகும்? நாமே மரம் வாங்கிப் போடலாம் என்றால் அதைவிட மோசம். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் மரம் இறக்கினார்கள் என்று அவரால் தலை நிமிர்ந்து ஜும்ஆவுக்குப் போக முடியாது. அதற்கு நம்மிடம் காசும் இல்லை, இருந்ததை நீ பெண்ணுக்குக் கொடுக்கிற மஹருக்கும் அங்கே உன்னோடு வேலை செய்த ஆட்களுக்கும் கொடுத்துவிட்டாய். கூலி என்றால் அப்படியில்லை. எந்த ஓடாவி வந்தாலும் அவர் கொடுக்க வேண்டிய காசுதான் அது. அதைக் கேட்டால் கெட்ட பெயர் எனக்கு மட்டும்தான் வரும்.

மாமா முன் விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க மச்சி, சொல்லாமக் கொள்ளாம" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"மச்சான், மகன்ட கூர வேலக் கூலி வாங்கிட்டுப் போகத்தான் வந்தன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மாப்புளயா கேட்டு வரச் சொன்ன?"

"அவனுக்குத் தெரியா. தெரிஞ்சா என்ட முகத்திலயும் முழிக்க மாட்டான். நான்தான் கேக்கிறன். வெளியில உள்ள ஓடாவிக்குக் குடுக்கிறதத் தாங்க."

உள்ளே இருந்து உன் மாமி வந்து கதவோடு நின்றாள். "நாங்க உங்கள இப்பிடி நினைக்கல்ல மச்சி" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், அழுதுகொண்டு சொன்னாள். மாமா அவளைப் பார்த்து, "சும்மா இரி. வேலைக்குக் கூலி, கேக்கத்தானே வேணும்" என்றுவிட்டு உள்ளே போய்க் காசைக் கொண்டுவந்தார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மகளைக் கட்டிக் கொடுக்கிறவர் எப்படிப் பேசுவார்? இதோ விதைப்புக் காலம் வந்துவிட்டது. அது உழவுக்கும் விதைநெல்லுக்கும் எடுத்து வைத்த காசாக இருக்குமோ என்று எனக்குள் அடித்தது. கேட்கப் பயந்து, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அந்த மனிதருக்கு நான் செய்தது சரியா பிழையா என்று மறுமையில்தான் எனக்குத் தெரியும்.

கேற்றடியில் செருப்பைப் போடும்போது அவள் வந்தாள், உனக்குப் பேசியிருக்கிற பிள்ளை. முகத்திரையை ஒதுக்கிக்கொண்டு, உள்ளே கேட்காத மாதிரி மெல்லக் கதைத்தாள்.

"மாமி, ஒண்டு கேக்கட்டா? மரம் நிப்பாட்டி முடிஞ்ச அண்டைக்கு அவரு வளைக்குக் கீழ நிண்டு கனநேரம் மேல பாத்துக்கு இருந்தாரு. பொறகு ஒண்டும் சொல்லாமப் போயிட்டாரு. அந்த மரம் காணாதா?"

எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. ஓம் என்று சொன்னால் அவளுடைய வாப்பாவைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். "மழைக்கு முதல் எல்லாம் சரிப்படுத்திருவான் மகள்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. அவளுக்கு இந்தக் கடிதத்தை நீ காட்டலாம். பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கூரையை நிமிர்ந்து பார்க்கிற புருசனை நிமிர்ந்து பார்க்கிற பெண்சாதி உனக்குக் கிடைத்திருக்கிறாள். அவளிடமாவது வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லிப் பழகு.

அங்கிருந்து நேராகக் கல்முனையில் மரம் விற்கிற மரக்காலைக்குப் போனேன். வாங்கிய காசு முழுவதையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். முற்றிய மரமாக, நீளமாக, வளைக்கும் கைமரத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறது. நீ வந்து பார்த்து, சரியில்லாததைத் தட்டிக் கழித்து, நீ அறுகம்பேயில் இருந்து வருகிற லொறியில் ஏற்று. ஏற்றிக்கொண்டு போய், அறுகம்பே விடுதியில் மிஞ்சிய மரம் என்று மாமாவிடம் சொல். வேலைக்காரன் கொண்டுவருகிற மிச்ச மரத்தை யாரும் குறைவாக நினைப்பதில்லை. சும்மா கிடக்கிறதைக் கட்டுவோமே மாமா என்று சிரித்துக்கொண்டு சொல். நிறுத்தியதை அவிழ்த்து, முகட்டை உயர்த்தி, கைமரத்தை நெருக்கி வை. ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டாமல் இறங்காதே. இனி எந்த வீட்டிலும், சொந்தக்காரன் என்றால் உன் கூலியைக் குறை, வேண்டாம் என்றும் விடு, மரத்தை மட்டும் குறைக்காதே. காணுமளவு மரம் கேட்க வெட்கமாக இருக்கிற வேலையை எடுக்காதே.

இன்னும் ஒன்று. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மாமாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், ரோசம் வந்தால் உளறிவிடுவாய். சொன்னால் அவருடைய முகம் போகும், நான் பட்ட வெட்கம் வீணாகும். கலியாண வீட்டில் அவர்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காவிட்டால் நான் பின்னால் ஒரு கதிரையில் இருந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவேன். உன்னைக் கூட்டிப் போய் அந்த வீட்டில் விடும்போது வாசலோடு நின்றுவிடுவேன். மாமியார் ஆசை பிடித்தவள், மகனுடைய வேர்வைக்கும் கூலி எண்ணி வாங்கியவள் என்று உன் முன்னாலேயே சொன்னாலும் நீ வாய் திறக்காதே. அந்த வீட்டுக்குள், அந்தக் கூரைக்குக் கீழே, எல்லோரும் சுகமாக இருந்துகொண்டு என்னை ஏசட்டும். மழை கொட்டுகிற நாளிலும் ஏசிக்கொண்டே இருக்கட்டும். அது என் காதுக்கு வந்தால்தான் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

உன் உம்மா